பூட்டு திறந்த கோப்பு

அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் இருக்கும் எக்செல் கோப்பைத் திறக்கிறீர்கள். வேறொருவர் அதில் வேலை செய்கிறார், நீங்கள் பார்க்க மட்டுமே முடியும் என்று பதில் வருகிறது. அந்த வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். முதல் ஆள் திறந்த உடனேயே, அதே ஃபோல்டரில் ~$ என்ற குறிகளோடு தொடங்கும் ஒரு குட்டிக் கோப்பை எக்செல் மறைவாக வைத்துவிடும். திறந்தவரின் பெயர் அதில் இருக்கும். கணினி பாதியில் நின்றுபோய் அந்தக் குட்டிக் கோப்பு அழியாமல் தங்கிவிட்டால், யாருமே தொடாத கோப்பும் சில நேரம் பூட்டியபடி கிடக்கலாம்.

இதிலிருந்து தப்பிக்க எல்லோரும் கண்டுபிடித்த வழி, மின்னஞ்சலில் பிரதி அனுப்புவது. ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐந்து கோப்பு. எது கடைசி என்பதில் ஆறாவதாக ஒரு கருத்து. குழுவாக வேலை செய்யும் தளங்களும் ஆபீஸ் மென்பொருளும் கைகோத்த கதையே இந்தப் பூட்டை எப்படிச் சிறிதாக்குவது என்பதுதான்.

மைக்ரோசாஃப்டின் குழுத் தளமான ஷேர்பாயின்ட் 2001இல் வந்தது. அப்போதைய தீர்வு 'செக் அவுட்': நூலகப் புத்தகம் மாதிரி ஒருவர் எடுத்துப் போவார், திருப்பி வைத்த பிறகே அடுத்தவர் திருத்தலாம். முந்தைய பதிப்புகள் பத்திரமாக இருந்தன என்பது பெரிய லாபம். காத்திருப்பு மட்டும் குறையவில்லை.

திருப்பம் 2010இல் நேர்ந்தது. அந்த ஆண்டு வந்த வேர்டும் ஷேர்பாயின்டும் சேர்ந்தபோது, முழுக் கோப்புக்குப் பதிலாக நீங்கள் எழுதும் பத்திக்கு மட்டும் பூட்டு விழுந்தது. அடுத்த பத்தியில் இன்னொருவர் எழுதலாம். சேமிக்கும்போது கோப்பு மொத்தமும் பயணிக்காமல், மாறிய பகுதிகள் மட்டும் சர்வருக்குப் போயின. அடுத்தவர் தட்டும் எழுத்து உடனுக்குடன் நம் திரையில் ஓட, வேர்ட் 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தளத்தில் ஒரு கோப்பைச் சொடுக்கி, கணினியில் உள்ள வேர்டில் திறக்கச் சொன்னால் என்ன நடக்கிறது? உலாவி கோப்பை இறக்கித் தருவதில்லை. 'எம்எஸ்-வேர்ட்' என்று தொடங்கும் ஒரு முகவரியை விண்டோஸிடம் நீட்டுகிறது. விண்டோஸ் அதை வேர்டிடம் தள்ளுகிறது. வேர்ட் உங்கள் கணக்கைக் காட்டி நேரே சர்வரிடம் போகிறது. சேமிப்பதும் அங்கேயே. 'டவுன்லோட்' பொத்தானை அழுத்துகிறவர்தான் பழைய பிரதி யுகத்துக்குத் திரும்புகிறார்.

உலாவியிலேயே திருத்தும்போது வழி வேறு. வோப்பி என்ற நெறிமுறைப்படி, கோப்பு ஓரிடத்திலும் அதைத் திருத்தும் மென்பொருள் இன்னோர் இடத்திலும் இருக்கலாம். டிராப்பாக்ஸில் கிடக்கும் கோப்பு இணைய வேர்டில் திறப்பதும், நெக்ஸ்ட்கிளவுட் தளத்தில் உள்ளது கொலபோரா ஆன்லைன் மென்பொருளில் திறப்பதும் இதனால்தான். இங்கும் பூட்டு உண்டு. ஆனால் அதன் ஆயுள் 30 நிமிடம். திருத்தும் மென்பொருள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் பூட்டு தானே திறந்துவிடும். நின்றுபோன கணினிக்காக யாரும் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு வசதியும் ஒரு பழைய பழக்கத்தின் காலை வாரிவிட்டது. கடந்த மாத அறிக்கையைத் திறந்து, எண்களை மாற்றி, கடைசியில் 'சேவ் ஆஸ்' கொடுப்பது கணக்குப் பிரிவுகளின் நெடுநாள் வழக்கம். தானியங்கிச் சேமிப்பு ஓடும் கோப்பில் இதைச் செய்தால், புதுப் பெயர் வைப்பதற்குள் போன மாதத்தின் மேல் இந்த மாதம் ஏறியிருக்கும். முதலில் பிரதி எடுத்துவிட்டுத் திருத்துவதே சரி. தவறியவர்களுக்குப் பதிப்பு வரலாறு கைகொடுக்கும்: இணைய ஷேர்பாயின்டின் வழக்கமான அமைப்பில் ஒரு கோப்புக்கு 500 பதிப்புகள் வரை நிற்கும்.

இன்னொரு பள்ளம் மைக்ரோசாஃப்டின் உரையாடல் செயலியான டீம்ஸில் இருக்கிறது. டீம்ஸ் சேனலில் போடும் கோப்பு குழுவின் ஷேர்பாயின்ட் தளத்தில் போய் உட்காரும். ஆனால் தனி உரையாடலில் அனுப்பும் கோப்பு, அனுப்பியவரின் சொந்தச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் தங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அனுப்பியவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு நீக்கப்பட்டால், நிர்வாகி மாற்றி அமைக்காதவரை அந்த ஒன்டிரைவுக்கு 30 நாள்தான் தவணை. ஆகவே, ஒப்பந்தம், விலைப்பட்டியல் போன்றவை உரையாடலில் வந்தால் அன்றைக்கே குழுத் தளத்துக்கு மாற்றிவிட வேண்டும்.