மூன்றாவது சர்வர் எதற்கு?

பதுளை, பண்டாரவளை, கொழும்பு என மூன்று இடங்களிலுள்ள சர்வர்களில் ஒரே தோட்டக் கணக்கு சேர்ந்து ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அடைமழையில் ஊவாவின் சரிவுகள் என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவு காட்டியது; இணைப்பு அறுவது அங்கே அபூர்வமல்ல. பதுளை சர்வர் பதில் தராவிட்டால், அது செத்துவிட்டதா, வழிதான் அடைபட்டதா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. சர்வர் இரண்டே என்றால் இரண்டும் தனித்தனியே எழுதத் தொடங்கிவிடலாம். ஒரே தொழிலாளியின் அன்றைய கொழுந்து ஓரிடத்தில் 18 கிலோ, இன்னோரிடத்தில் 21 என்று நிற்கும். மூன்று இருந்தால் பெரும்பான்மையான இரண்டு மட்டுமே எழுதும், தனித்துப்போனது எழுதாமல் காத்திருக்கும். அதுவரை பதுளையில் வேலை நின்றுவிடுமே என்று கேட்கலாம். நிற்கத்தான் செய்யும், ஆனால் தாமதத்தைச் சரிக்கட்டலாம், முரண்பட்ட இரு கணக்குகளில் எது மெய் என்று எந்தக் கணினியும் சொல்லாது. மீண்டு வரும் சர்வர், தான் கடைசியாக எழுதிய பதிவின் எண்ணைச் சொல்லி, விடுபட்டவற்றை மட்டும் கேட்டு வாங்கும். அந்தப் பழைய பதிவுகள் அதற்குள் நீக்கப்பட்டிருந்தால், முழுப் பிரதியையும் இறக்க வேண்டியதுதான்.

மூன்று பிரதி இருக்கையில் தனியே பேக்கப் ஏன்? தவறுதலாக அழித்ததும் மூன்றிலும் நொடியில் அழிந்துவிடும் என்பதால்தான். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மீது ரான்சம்வேர் பாய்ந்தபோது, இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பவே இல்லை.