மணவறை முன் இரண்டு கமராக்கள்

வெள்ளவத்தையிலே, காலி வீதியை அடுத்த ஒரு மண்டபத்தில் திருமணம் நடைபெறுகின்றது என வைத்துக்கொள்வோம். கெட்டிமேளம் எழுகின்றது, அறுகரிசி பறக்கின்றது, உறவினர் எழுந்து நெருங்குகின்றனர். தாலி ஏறும் அக்கணத்தைத் தவறவிட்ட படப்பிடிப்பாளர், மறுபடியும் ஒருமுறை கட்டுக என்று மாப்பிள்ளையிடம் கேட்டல் இயலாது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பெரியம்மாவும் சித்தப்பாவும் அத்திருமணத்தைக் காணப்போவது அவர் எடுக்கும் படத்தின் வாயிலாகவே.

எனவே, எந்தக் கமராவை வாங்குவது என்பது அவருக்கு விளையாட்டுக் கேள்வியன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. 2,500 டொலர் விலையுள்ள ஒரு பொருள், ஐந்து இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சமாயிற்று. வரியும் வணிகர் இலாபமும் அதற்கு மேல். கடன்பட்டு வாங்குபவர் தவறாகத் தேர்ந்தால், திருத்திக்கொள்ளப் பல ஆண்டுகள் செல்லும்.

அவ்விலை மட்டத்திலேயே இரு கமராக்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று, 2021இல் வெளிவந்த சோனி ஆல்பா ஏழின் நான்காம் மாதிரி. மற்றையது, 2022இன் இறுதியில் வந்த கனன் ஆர் ஆறின் இரண்டாம் மாதிரி. இரண்டும் ஆடியில்லாக் கமராக்கள். பழைய கமராவின் உள்ளே இருந்த சாய்ந்த கண்ணாடி இவற்றில் இல்லை. இரண்டும் முழுச்சட்டகக் கமராக்களுமாம். அதாவது, ஒளியை ஏற்கும் உணரியின் அளவு 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். இவ்வளவு புதியதன்று. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவின் படச்சுருட் சட்டகமும் இதுவே. 1944இல் மறைந்த கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் கையாண்டதும் அந்த லைக்காவைத்தான்.

சோனியில் 33 மெகாபிக்சல், கனனில் 24. கடைக்காரர் முதலில் சொல்வது இவ்வெண்களையே. ஆனால் கனனின் படத்தையே அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும், 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் கிடைக்கும். திருமண அல்பத்தின் பக்கத்துக்கு அதுவே போதும். அறுபது பேர் நிற்கும் குடும்பப் படத்திலிருந்து பாட்டியாரின் முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பிக்க வேண்டின், சோனி சற்று உதவும். கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் போன்ற மங்கலொளி இடங்களில், படமெடுக்க இசைவு கிடைத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதே.

வேறுபாடு தெளிவாகத் தெரிவது அசையும் படத்திலே. மாலை மாற்றும் காட்சியை மெல்ல ஓடவிட்டுக் காட்ட, வினாடிக்கு 50 அல்லது 60 சட்டங்கள் வேண்டும். 4கே தரத்தில் அவ்வேகத்துக்குச் சென்றதும், சோனி தன் உணரியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகின்றது. காட்சி ஒன்றரை மடங்கு நெருங்கிவிடும். பின்னே நகர்ந்தால் சரிதானே எனலாம். பின்னே இருப்பதோ சுவர், அல்லது மாமிமார் அமர்ந்திருக்கும் முதல் வரிசை! கனன் உணரியின் முழு அகலத்தையும் காட்டுகின்றது. திருமண வீடியோவே பிழைப்பாக உள்ளவருக்கு இது பெரிய வசதி.

கனன் ஓசையின்றி வினாடிக்கு 40 படங்கள் எடுக்கும் என்பது மற்றொரு பெருமை. இதில் மயங்கவேண்டியதில்லை. அம்முறையில் உணரி மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், விரைந்து வீசும் தவிற்கழி வளைந்த கழியாகத் தோன்றக்கூடும். பொறிமுறை மூடியையே நம்பினால் கனன் 12, சோனி 10. இரண்டும் போதும்.

இனி, விளம்பரங்கள் அடக்கி வாசிக்கும் பகுதி: வில்லைகள். கமரா சில ஆண்டுகளிற் பழையதாகும். நல்ல வில்லை இருபது ஆண்டு உழைக்கும். சோனியின் பொருத்துவாய் 2010இல் தொடங்கியது. அதற்குச் சிக்மா, டம்ரோன் ஆகிய நிறுவனங்கள் குறைந்த விலையில் நல்ல வில்லைகள் பல செய்துள்ளன. கனனோ 2018இல் தொடங்கிய தன் புதிய பொருத்துவாயைப் பிறருக்கு எளிதில் திறந்துவிடவில்லை. 2024இல் அவ்விரு நிறுவனங்களுக்கும் வழிவிட்டபோதும், வெளிவந்தவை சிறிய உணரிக்கான வில்லைகளே.

ஆகவே, வெறுங்கையுடன் தொழில் தொடங்கும் இளைஞருக்குச் சோனியே சிக்கனம். ஆனால் 1987 முதல் கனன் வெளியிட்ட ஈஎஃப் வில்லைகள் ஒரு பெட்டி நிறைய உள்ள கொட்டாஞ்சேனைப் படப்பிடிப்பு நிலையமொன்று, அவற்றை விற்றுச் சோனிக்கு மாறுவது வீண். ஓர் இணைப்பு வளையத்தின் துணையுடன் அவை புதிய கனனிலும் தானே குவியம் பிடித்து நன்றாக இயங்கும். எதை வாங்கினாலும், இரண்டிலும் நினைவட்டைக்கு இரு இடங்கள் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியுமாறு முதல் நாளே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.