உங்களுக்குத் தெரியுமா? ஹெட்லைட் 'கண்ணாடி'

ஹெட்லைட் கண்ணாடி என்கிறோமே, இன்றைய கார்களில் அது கண்ணாடியே அல்ல. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவருக்கொருவர் தெரியாமலே இதைக் கண்டுபிடித்தார்கள். கல் பட்டால் எளிதில் உடையாது. வெயில் பட்டால் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு காப்புப் பூச்சு பூசுகிறார்கள்.

வளைகுடா வெயிலில் முதலில் போவது அந்தப் பூச்சுதான். கடகரேகை அமீரகத்தின் தென்பகுதி வழியாகவே செல்கிறது. ஜூன் மாத நண்பகலில் துபாயில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். பழைய காரைப் பாருங்கள்: வானம் பார்த்த மேல் விளிம்பு மஞ்சளடித்திருக்கும், கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும்.

சனாயாவில் (தொழிற்பேட்டையில்) ஹெட்லைட் பாலிஷுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீர் போதும். லென்ஸின் மேல் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்வரை மங்கல் மறைந்தால், கோளாறு பெரும்பாலும் வெளிப்பூச்சில்தான், தேய்த்தால் சரியாகும். தண்ணீர் ஊற்றியும் கோடுகள் அப்படியே தெரிந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பூச்சு வெடித்திருந்தால் வற்றிய குளத்துச் சேறு போலக் கட்டம் கட்டமாகத் தெரியும், ஓரங்கள் நகத்தில் தட்டும். நகத்தில் எதுவும் தட்டாமல், உள்ளே வெள்ளி இழை போல மின்னினால் பிளாஸ்டிக்கிலேயே விரிசல் விழுந்துவிட்டது. அதை எந்தப் பாலிஷும் போக்காது. மாற்றுவதுதான் வழி.

லென்ஸில் ஒட்டிய தாரை நீக்க தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போட்டுத் துடைப்பதும் இந்த விரிசலைக் கொண்டுவரும். ஹெச்4 பல்புக்கு உரிய அளவு 60/55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் போட்டால் சூடு ஏறி லென்ஸைத்தான் தின்னும்.

பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் வெயிலைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை. கொசுவிரட்டி ஸ்பிரே அதைவிட மோசம். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, 800, 1000, 2000, 3000 என்று வரிசையாகத் தண்ணீர்ப் பேப்பர் போட்டு, கடைசியில் யூவி கிளியர் கோட் அடிப்பதே முறையான வேலை. கோட் அடிக்காத கடையில் காரை விடாதீர்கள்.

2018-இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ சோதித்தது: மங்கிப்போன ஹெட்லைட் தந்தது புதிதின் வெளிச்சத்தில் சுமார் 20 விழுக்காடு. தேய்த்துச் சரிசெய்த பிறகு சுமார் 70. குளிர்கால விடியலில் அபுதாபி சாலையில் மூடுபனிக்குள் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அமீரகத்தில் புதுக் காருக்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான் முதல் பாசிங் (வாகனச் சோதனை). அதுவரை காத்திருக்க வேண்டாம்.

வெயிலைப் போலவே வளைகுடாவில் ஈரக்காற்றும் உண்டு. 2003 ஜூலை 8 அன்று சவூதியின் தஹ்ரானில், காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை வெப்பம் 35 டிகிரி. உலகில் பதிவானவற்றிலேயே உச்சம். அப்படிப்பட்ட காற்றில் லென்ஸின் உள்ளே மெல்லிய ஆவி படிவது இயல்பு. விளக்கைப் போட்டுச் சற்று நேரத்தில் கலைந்துவிடும். துளித்துளியாகத் தேங்கி நின்றால் மட்டும் விரிசலையோ விட்டுப்போன சீலையோ தேடுங்கள்.

ஸ்கிராப் கடையில் பழைய ஹெட்லைட் வாங்குகிறீர்களா? மாட்டும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் காரின் உதிரியா என்றும் கேளுங்கள். வளைகுடாவில் வலப்பக்கமாக ஓட்டுகிறோம்; இங்கத்திய விளக்கின் டிம் ஒளி வலப்புறம் சற்று ஏறி விழும். ஜப்பான் விளக்கு இடப்புறம் ஏறி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். இங்கிருந்து ஊருக்கு ஒரு ஜோடி எடுத்துப்போனால், அங்கே இடப்பக்கமாக ஓட்டுவதால் இதே தொல்லைதான். சுவருக்கு நேரே நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கத்தது என்று தெரிந்துவிடும்.