ஜே எங்கே, க்யூ எங்கே?

"க்யூ என்ற எழுத்து நடுவில் எங்கேயாவது வர வேண்டும், 15 எழுத்துக்குக் குறையக் கூடாது, அப்படி ஓர் ஆங்கிலச் சொல் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? உடனே அகராதியை எடுப்போம். ஆனால் அகராதி இந்தச் சமயத்தில் நம்மைக் கைவிட்டு விடும். அது சொல்லின் தலையை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்துகிறது. வயிற்றிலும் வாலிலும் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முதல் எழுத்துத் தெரிந்தவனுக்கு அகராதி கற்பக விருட்சம். நடு எழுத்து மட்டும் தெரிந்தவனுக்கோ அது வழி தெரியாத காடு.

இந்தச் சங்கடம் அகராதி செய்கிறவர்களுக்கே ஏற்பட்டதுண்டு. அமெரிக்காவில் மெரியம் அகராதிக் கம்பெனியார் 20-ஆம் நூற்றாண்டில் பல வருஷ காலம் பாடுபட்டு, சொற்களையெல்லாம் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக அட்டைகளில் 'டைப்' அடித்து அடுக்கி வைத்தார்கள். அட்டைகளின் தொகை 3 லட்சத்துக்கு மேல்! ஒரே வாலுள்ள சொற்களெல்லாம் அதில் அக்கம் பக்கமாக வந்து உட்கார்ந்து கொண்டன. இன்றைக்குக் கம்ப்யூட்டர் அந்த வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்து விடுகிறது. ஆனால் அது ஜாபிதாவைக் கொடுக்குமே யொழிய, அந்த எழுத்து அங்கே எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுக்காது. அதைத் தெரிந்து கொண்டவர்களுக்கு யந்திரத்தின் தயவு அவ்வளவாக வேண்டியதில்லை.

ரகசியம் இதுதான்: ஆங்கிலத்தில் நீண்ட சொற்கள் நீளமாகவே பிறப்பதில்லை. தமிழில் நாம் பகுதி, விகுதி என்கிறோமே, அதைப் போலவே அங்கும் ஒரு சிறிய பகுதிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டுக்கள் சேர்ந்து கொண்டே போகின்றன. ஆகையால் நாம் தேட வேண்டியது சொல்லை அல்ல. நமக்கு வேண்டிய எழுத்துக் குடியிருக்கும் பகுதியை.

'ஜே' என்ற எழுத்தை எடுத்துக் கொள்வோம். 'எறிதல்' என்று பொருள்படும் லத்தீன் மொழிப் பகுதி ஒன்று 'ஜெக்ட்' என்ற உருவத்தில் ஆங்கிலத்தில் வழங்குகிறது. அதிலிருந்து 'அப்ஜெக்ட்' வந்தது, 6 எழுத்து. 'அப்ஜெக்‌ஷன்' என்றால் 9. 'அப்ஜெக்‌ஷனபிள்' என்றால் 13. 'அப்ஜெக்‌ஷனபிள்னெஸ்' என்று முடித்தால் 17! க்யூவும் லத்தீன் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. 'எத்தகையது' என்று பொருள்படும் பகுதியிலிருந்து 'க்வாலிபை' (7), 'க்வாலிபிகேஷன்' (13), 'டிஸ்க்வாலிபிகேஷன்' (16). முதலில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்து விட்டது.

'கே', 'டபிள்யூ' இரண்டும் வேறு ஜாதி. லத்தீனில் முன்னது மிக அரிது. பின்னது கிடையவே கிடையாது. இவை பெரும்பாலும் இங்கிலீஷ்காரர்களின் பூர்விகச் சொத்து. 'அக்னாலெட்ஜ்மெண்ட்' என்ற 15 எழுத்துச் சொல்லில் இரண்டும் இருக்கின்றன. அதன் நடுவிலுள்ள 'நோ', அதாவது 'அறிதல்', வீட்டுப் பிள்ளை. கடைசியிலுள்ள 'மெண்ட்' பிரெஞ்சுக்காரர் கொடுத்த சீதனம். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த சரித்திரம் இந்த ஒரு சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. சொல்லின் நடுவில் 'ஒய்' வந்தால் பெரும்பாலும் கிரேக்க சம்பந்தம் உண்டு. மனத்தையும் உடலின் இயக்கத்தையும் சேர்த்து ஆராயும் 'சைக்கோ பிஸியாலஜி' என்ற 16 எழுத்துச் சொல்லில் மூன்று 'ஒய்' இருக்கின்றன.

ஓர் எழுத்து வேண்டும் என்பதைவிட, வேண்டாம் என்பது கஷ்டம். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து 'இ'. அதை அறவே விலக்கி, ஏறக்குறைய 50,000 சொற்களில் 'காட்ஸ்பி' என்ற நாவலை 1939-ல் வெளியிட்டார் எர்னஸ்ட் வின்ஸென்ட் ரைட் என்ற அமெரிக்கர். தவறியும் விரல் பட்டுவிடக் கூடாதென்று 'டைப்ரைட்ட'ரில் அந்த எழுத்தைக் கட்டியே வைத்து விட்டாராம்! 'இ' இல்லாத நீண்ட சொற்களில் பேர் பெற்றது 29 எழுத்துள்ள 'ப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிபிகேஷன்'. இவ்வளவு நீட்டி முழக்கிக் கடைசியில் அதன் அர்த்தம் என்னவென்றால், 'ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுதல்'!

இத்தகைய சொற்கள் வேடிக்கைக்குத்தான். ஆனால் வேடிக்கைக்குள் ஒரு லாபம் இருக்கிறது. நம் குழந்தைகள் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டால் பயந்து, எழுத்தெழுத்தாய் உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். முறுக்கை முழுசாக விழுங்கினால் தொண்டையில் சிக்காமல் என்ன செய்யும்? ஒடித்துத் தின்னச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 'ஜெக்ட்' ஒன்றின் பொருள் தெரிந்த குழந்தைக்கு இருபது சொற்கள் தாமாகவே வந்து சேரும். அந்நிய பாஷை அப்போது பூச்சாண்டியாகத் தோன்றாது. கழற்றிப் பூட்டக் கூடிய கருவியாகத் தோன்றும்.

நேயர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுத்து விடைபெறுகிறோம். 'வி' என்ற எழுத்து நட்ட நடுவில் இருக்க வேண்டும். பகுதி 'வர்ட்', அதன் பொருள் 'திருப்புதல்'. முன்னால் மறுப்புக் காட்டும் 'இன்'. மொத்தம் 16 எழுத்து. அர்த்தம், 'எதிர்வாதம் செய்ய முடியாத'. அகராதியைத் தொடாமல், வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து கண்டுபிடியுங்கள்.