இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, எத்தனை மேலதிகாரி?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கழிப்பறைக் கதவு பெயர்ந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் யாரிடம் போய்ச் சொல்வார்? கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும். பராமரிப்பு மானியத்தில் செலவழிப்பதென்றால் வட்டார வள மையத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கழிப்பறையைக் கழுவ வரும் அம்மாவுக்கு ஊரக வளர்ச்சிப் பக்கத்திலிருந்து ஊதியம் வருகிறது. மதியச் சாப்பாடு சத்துணவுப் பிரிவின் பொறுப்பு, காலைச் சாப்பாடு மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பு. இத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய அந்தப் பள்ளியில் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள்தான் இருக்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று எழுதப் போனால் அமைப்பு வரைபடம் ஒன்று கைக்கு வரும். மேலே இயக்குநரகங்கள், மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள், ஒன்றியத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் என்று நேர்க்கோட்டில் இறங்கும். பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் அது நேர்க்கோடாக இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழி ஒரு கோடு, ஒன்றிய அலுவலகம் வழி ஒரு கோடு, மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக் கூட்டம் வழி இன்னொரு கோடு என்று எல்லாமே தலைமையாசிரியரின் மேசையில் வந்து முடிகின்றன.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. பெரியவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வது ஜில்லா போர்டு பள்ளி நடத்திய காலத்தின் மிச்சம். சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டத்திலிருந்தே உள்ளாட்சிக்கு இதில் பங்கு இருந்தது. பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்து தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பணிப் பாதுகாப்பு, ஓய்வூதியம் என்று ஆசிரியர்களுக்கு அது பெரிய விடிவு. ஆனால் ஆசிரியர் அரசிடமும், கட்டடம் ஒன்றியத்திடமும், பெயர்ப்பலகை பழைய பெயரிலுமாக நின்றுபோயின. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு வழங்கலாம் என்று பட்டியலிட்ட 29 பொருள்களில் பள்ளிக் கல்வியும் உண்டு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் கேரளம் 1990களின் நடுவில் பள்ளிகளின் கட்டடம், பராமரிப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அப்படித் தெளிவாக எதுவும் கைமாறவில்லை.

மேல்மட்டத்தில் மாற்றங்கள் வராமலும் இல்லை. 2018இல் ஓர் அரசாணை. தொடக்கக் கல்விக்கெனத் தனியே இருந்த மாவட்ட அலுவலர் பணியிடங்கள் போய், எல்லா வகைப் பள்ளிகளும் ஒரே அலுவலரின் கீழ் வந்தன. 2022இல் இன்னோர் அரசாணை. தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளி என்று மறுபடியும் தனித்தனி அலுவலர்கள். இரண்டுக்கும் நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதனால் என்ன மாறியது என்று நான் கேட்ட எந்த ஆசிரியருக்கும் பதில் தெரியவில்லை.

மாறியது வேறொன்று. மேற்பார்வை என்பது வகுப்பறையை விட்டுக் கைபேசிக்குப் போய்விட்டது. என்னை உறுத்துவது இதுதான்.

கடலூர் மாவட்டத்து உட்கிராமப் பள்ளி ஒன்றில் காலை நேரம். ஒன்று முதல் மூன்று வரையான பிள்ளைகள் தலைமையாசிரியையைச் சுற்றித் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் அடுத்த அறையில் இன்னோர் ஆசிரியரிடம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே வட்டத்துக்குள் மூன்று விதமான பாடம் ஓடுகிறது. அதில் தேர்ச்சி பெற்ற ஆசிரியை அவர். ஒரு குழுவுக்கு எழுத்தட்டைகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த குழுவுக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, மூன்றாவது குழுவின் பக்கம் நகர்கிறார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறான். ‘ப’, ‘ட’, ‘கு’ என்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சொல்கிறான். சேர்த்துச் சொல்லத்தான் வரவில்லை.

அப்போது போன் அடிக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கு ஆதாரில் உள்ள பெயரும் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் தரவுத் தளத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லையாம், இன்று மதியத்துக்குள் சரிசெய்ய வேண்டுமாம். பிரச்சினை இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வங்கிக் கணக்கில் முன்னால், எமிஸில் புள்ளி வைத்து. உதவித்தொகை வர வேண்டுமென்றால் மூன்றும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆசிரியை எழுந்து வாசலுக்குப் போய் “சரிங்க சார், பண்ணிடறேங்க சார்” என்கிறார். பெற்றோரில் ஒருவரைக் கூப்பிடுகிறார். அவர் நடவு வயலில் இருக்கிறார், போன் வீட்டில் இருக்கிறது. பிறகு செயலியைத் திறந்து சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே அந்தப் பையன் ‘படகு’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டான். “டீச்சர், படிச்சிட்டேன்” என்று இரண்டு தடவை கத்தவும் செய்தான். வாசலில் இருந்தவருக்கு அது கேட்கவில்லை.

எமிஸில் என்னென்ன கேட்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். வருகைப்பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு, பெற்றோர் கைபேசி எண், இரத்த வகை, உயரம், எடை, விலையில்லாப் பொருள்கள் கொடுத்த விவரம், கட்டட விவரம், குழுக் கூட்டத் தீர்மானம் என்று சொல்லிக்கொண்டே போனார். இவை போக, செப்டம்பர் 30ஐக் கணக்கு நாளாக வைத்து மத்திய அரசுக்குப் போகும் யுடைஸ் விவரங்கள் தனி. வாட்ஸ்அப் குழுவில் “உடனடி, மிக அவசரம்” என்று வரும் படிவங்கள் அதற்கும் மேலே. அவற்றில் பாதி ஏற்கெனவே எமிஸில் இருப்பவைதான் என்கிறார்.

இடைநின்ற பிள்ளையை வேறு ஊருக்குப் போனாலும் கண்டுபிடிக்கவும், பாடநூல் கணக்கில் ஓட்டை விழாமல் பார்க்கவும் இந்தத் தரவு உதவுகிறது என்று அதிகாரிகள் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனாலும் இந்தப் பதிவுச் சுமையைக் குறைக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் போராடியிருக்கின்றன. 2023இல் அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு, வருகைப்பதிவு தவிர மற்றப் பதிவு வேலைகளிலிருந்து ஆசிரியர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. கணினி ஆய்வகம் இருக்கிற பெரிய பள்ளிகளில் அதற்கென ஆள் போடப்பட்டதைப் பார்க்க முடிகிறது. நான் பார்த்த ஈராசிரியர் பள்ளிகளில் மட்டும் பதிவு செய்கிற விரல்கள் அதே விரல்கள்தான்.

இந்தப் பக்கத்தில் இப்படியென்றால், மேற்பார்வை செய்ய வேண்டியவரின் பக்கமும் பரிதாபம்தான். ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் பழைய ஆண்டாய்வை விவரித்தார். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்க ஒரே பள்ளியில் இருப்பார்களாம். ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லி, சொல்வதெழுதச் சொல்லி, மனக்கணக்குக் கேட்டு, நோட்டுகளைப் புரட்டி, மாலையில் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் அறிக்கை எழுதுவார்களாம். அடுத்த வருடம் வரும்போது அந்த அறிக்கையை முதலில் எடுத்து, சொன்னது நடந்ததா என்று பார்ப்பார்களாம். “பயமும் இருந்துச்சு, பாடமும் நடந்துச்சு” என்றார். அந்தப் பயத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை வாசிப்பதைத் தன் காதால் கேட்ட அலுவலர் ஒருவர் மேலே இருந்தார் என்பதைச் சாதாரணமாக நினைக்கவும் முடியவில்லை.

இன்றைய வட்டாரக் கல்வி அலுவலருக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல், விடுப்பு, ஊதிய உயர்வு, பணிப்பதிவேடு எல்லாம் அவர் அலுவலகத்தில்தான். பணிநிரவல் வந்தால் பட்டியல், நீதிமன்ற வழக்கென்றால் விளக்கம், மாவட்டத்திலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு. பள்ளிக்குப் போகிற நாளிலும் முதலில் திறப்பது செயலியைத்தான். எந்தப் பதிவு நிலுவையில் இருக்கிறது என்று அதில் சிவப்பில் வரும். சிவப்பு பச்சையாக மாறினால் பள்ளி நன்றாக நடக்கிறது என்று பொருள். பையன் ‘படகு’ வாசித்தது எந்த நிறத்திலும் வராது.

பெற்றோர் மேற்பார்வை பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியைக் கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அவர்கள் பொறுப்பு. நல்ல சட்டம். நான் பார்த்த அந்தக் கடலூர்ப் பள்ளியின் குழுத் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கூட்டத்தன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். “தண்ணித் தொட்டிக்குத் தீர்மானம் போட்டோம் சார். டீச்சர் போட்டோ புடிச்சி ஏத்திட்டாங்க. அப்புறம் அது எங்க போச்சின்னு தெரியல” என்றார். பள்ளியிலிருந்து மேலே போவதற்கு இத்தனை வழிகள் போட்டவர்கள், மேலிருந்து பதில் வர ஒரு வழிகூடப் போடவில்லை.

இதே சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டும் விலக்கு. தரவுப் பதிவு இந்த மூன்றிலும் சேராது. ஆனால் பள்ளிக்குள் உட்கார்ந்தே செய்வதால் ‘வெளிவேலை’ என்றும் யாரும் சொல்வதில்லை. அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்றும் வகுத்திருக்கிறது. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல், தலைக்கணக்கு என்று இரண்டு கட்டங்கள். வழக்கம்போல ஆசிரியர்களின் பெயர்கள்தான் பட்டியலில் முதலில் இடம்பெறும். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் என்ற விவரம் எமிஸிலேயே இருக்கிறது, ஆசிரியர்களே பதிந்து கொடுத்த விவரம். இரண்டு என்று இருக்கிற பள்ளிகளைப் பிரித்தெடுத்து, அங்கிருந்து யாரையும் அழைக்கக் கூடாது, அழைத்தே ஆக வேண்டுமென்றால் மாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட முடியும். பட்டியல் தயாராகும் முன்பே அதைப் போட வேண்டும்.