கண்ணாடியைத் தாங்கும் இரும்பு

தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் வண்டியைப் பற்றி நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செம்மண் பாதையில் சேறு வாரி இறைத்துக்கொண்டு அது வரும் ஓசையைக் கேட்டே, துரை வருகிறார் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அத்தகைய பழைய வண்டிகளை இன்றும் சிலர் வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுகிறார்கள். அவற்றில் முன்கண்ணாடியைத் தாங்கும் இரும்பு பழுதானால் என்ன செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை தம் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கினார். புதுச்சாயம் பளபளத்தது. முதல் பெருமழையில் ஓட்டுபவரின் முழங்கால்மீது தண்ணீர் சொட்டியது. மேடு பள்ளத்தில் போகும்போது கண்ணாடிச் சட்டம் கடகடவென்று ஆடியது. ஆணியால் மெல்லக் குத்திப் பார்த்தார்கள். ஆணி உள்ளே போய்விட்டது. சாயத்துக்கு அடியில் இருந்தது இரும்பு அல்ல, வெறும் புட்டி!

இது எப்படி நேர்ந்தது? லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் "இந்த வண்டி துருப்பிடிக்காது" என்று பலர் நம்பினார்கள். ஆனால் அடிச்சட்டமும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரும், முன்கண்ணாடிச் சட்டமும் எஃகுதான். கண்ணாடிச் சட்டம் இருபுறமும் கீல் போன்ற தாங்கிகளால் அந்தத் தடுப்புச் சுவரின் மேல்மூலைகளில் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டை உண்டு.

அந்த ரப்பர் வெயிலில் வெடித்துப் பழசானால், பஞ்சைப் போல மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. நம் நாட்டு மழையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அலுமினியமும் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

கண்ணாடிதானே, கொஞ்சம் ஆடினால் என்ன என்று எண்ணக்கூடாது. கூரை கெட்டியான தகடாக உள்ள வண்டிகளில் கூரையின் முன்பகுதி இந்தச் சட்டத்தின்மேல்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. கதவுகள் தொங்குவதும் அதே தடுப்புச் சுவரில்தான். மூலை உளுத்தால் கண்ணாடி விரிசல் விடும். கதவு சரியாகச் சாத்தாது. வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்களின் தலைக்கு மேலே வலுவான தாங்கல் இராது.

பழுதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தாங்கிக்கு அடியில் சாயம் கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா, பழுப்புநிறத் தாரை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த இரும்பு 'தொப்'பென்று சத்தமிடும். புட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

இனிச் செப்பனிடும் முறை. முதலில் பாதுகாப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பல லேண்ட் ரோவர்களில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. நெருப்புப் பொறி பறக்கும் வேலைக்கு முன் அதைக் கழற்றித் தூரமாக வைப்பதே அறிவுடைமை. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூள் பறக்கும்படி தேய்க்காமல், நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பை அப்படியே வெல்டிங் செய்தால் எழும் புகையால் காய்ச்சல் வரும். பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

துருவேறிய போல்ட்டை முறுக்கி உடைக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை முந்திய இரவே விட்டு ஊற வையுங்கள். கூரையின் போல்ட்டுகளைக் கழற்றி, கூரையைத் தாங்கிப் பிடித்தபின், இரண்டு பேராகச் சட்டத்தைத் தூக்குங்கள்.

அடுத்த வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு கதவுத் தூண்களுக்கும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். தாங்கித் துளைகளின் இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூலையை வெட்டினால் சுவர் சற்றே நகர்ந்துவிடும். பிறகு கண்ணாடியும் பொருந்தாது, கதவும் பொருந்தாது.

உளுத்த பகுதியைப் பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுங்கள். அட்டையில் அச்சு வெட்டி, பழைய தகட்டின் கனத்துக்குச் சற்றும் குறையாத எஃகுத் தகட்டை அதே வடிவில் வளைத்துப் பொருத்துங்கள். ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு கோணிப்போகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இணைக்க வேண்டும். தாங்கி பிடிக்கும் இடத்தில் உட்புறம் ஒரு தடித்த தகடு கொடுப்பது நல்லது. துளையைக் கண்ணால் மதித்துப் போடாமல், சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, எழுதி வைத்த அளவோடு ஒத்துப் பார்த்தபின் போடுங்கள்.

கடைசியாக, துத்தநாகச் சத்துள்ள அடிச்சாயம், மேல்சாயம், குழிவான உட்பகுதியில் மெழுகு கலந்த எண்ணெய். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். புது ரப்பர் போட்டு, போல்ட்டில் கிரீஸ் தடவி, இருபக்கமும் மாறி மாறிச் சமமாக முடுக்குங்கள். பிறகு குழாய்நீரைப் பீய்ச்சி, உள்ளே ஒருவர் அமர்ந்து பார்க்கட்டும்.

வெல்டிங் பழகாதவர்கள் இதில் கை வைக்காமல் தேர்ந்தவரிடம் விடுவதே முறை. ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்து இளைய மகன் பட்டறையில் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து, பின்னர் வெல்டிங் தொழிலையே முறையாகக் கற்றுக்கொண்டான். இப்போது வண்டி வாங்கப் போகும் அண்டை வீட்டார் அவனைத்தான் உடன் அழைத்துப் போகிறார்கள். அவன் சாயத்தைப் பார்ப்பதில்லை; மூலையைத் தட்டிப் பார்க்கிறான். நாமும் அப்படியே செய்வோம்.