மூடிய பாக்கெட்டுக்குள் வண்டு வருவது எப்படி?

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் துளைக்கும் பயறு வண்டு, பெரும்பாலும் பயறோடு சேர்ந்தே பாக்கெட்டுக்குள் வந்துவிடுகிறது. வயலில் முற்றிய காய்களின் மீதோ, கிடங்கில் பயறின் மேலோ பெண் வண்டு முட்டையிடும். ஒரு வண்டு ஏறத்தாழ 100 முட்டைகள் வரை இடக்கூடும்.

பயறின் தோலில் ஒட்டியிருக்கும் வெண்புள்ளிதான் முட்டை. பொரிக்கும் புழு வெளியே வருவதில்லை. முட்டையின் அடிப்பக்கமாகவே பருப்பைக் குடைந்து உள்ளே இறங்குகிறது. அதனால் பயறு வெளிப்பார்வைக்கு நல்லதாகவே தெரியும். உள்ளிருந்தே தின்று வளரும் புழு, தோலை மட்டும் மெல்லிய வட்ட மூடிபோல் விட்டுவைத்துக் கூட்டுப்புழுவாகிறது. வண்டான பின் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. எஞ்சுவது வட்டத் துளையும் மாவும். சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதற்கெல்லாம் மூன்று, நான்கு வாரங்கள் போதும்.

வெளிவந்த வண்டுக்கு இரை தேவையில்லை. இணைசேர்ந்து உடனே முட்டையிடத் தொடங்கும். எனவே பயறை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் சில நாள்கள் வைத்தால் முட்டையும் உள்ளிருக்கும் புழுவும் மடியும். சிறிது எண்ணெய் பூசினால் முட்டைகள் பொரிக்காது. உடைத்த பருப்பில் முழுப்பயறைவிட வண்டின் தாக்குதல் குறைவு.